போட்டுட்டு அழிச்ச பதிவு ஏதும் இருக்கோ? உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

கொக்குவில்காரன்:
போன நவம்பர் 27, பின்னேரம் 6.05. விளக்கத் தேவையில்லை. முற்றத்தில ஏத்தின சிட்டி விளக்கைப் படமெடுத்து பேஸ்புக்கில போட்டன். முகமில்லை, கொடியில்லை, எழுத்துமில்லை. பத்து நிமிசத்தில அம்மா குசினிக்குள்ளயிருந்து அகப்பையோட வந்து நிண்டா. "அழியடா." அவ்வளவுதான். அகப்பையில இருந்த குழம்பு நிலத்தில சொட்டிக்கொண்டிருந்தது. 2024 இல மாவீரர் நாள் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில ஆக்களைப் பிடிச்சதை அவ மறக்கேல்லை. அழிச்சன். இப்ப என்ர பக்கத்தில கூழும் ஒடியல் பிட்டும்தான்.

தட்டாதெரு அக்கா:
தம்பி, நான் உங்களை மாதிரித்தான் இருந்தனான். 2024 ஜனவரியில, இணையப் பதிவுகளை அழிக்கச் சொல்ல ஒரு ஆணைக்குழுவை வைக்கிற நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறின அண்டைக்கு "வாய்ப்பூட்டு" எண்டு ஸ்டேட்டஸ் போட்டனான். பிறகு ரியூசன் முடிஞ்சு வந்த என்ர மகளின்ர படத்தை எவனோ கள்ள ஐடியில போட்டு, கீழ கண்டபடி எழுதியிருந்தான். அடுத்தநாள் பாண் வாங்கப் போனம். கடைப் பொடியன் போனைப் பாத்தான், பிள்ளையைப் பாத்தான், திரும்பப் போனைப் பாத்தான். அந்த நிமிசம் எனக்கு எந்தச் சுதந்திரமும் வேண்டாமெண்டு இருந்தது.

பழைய நிருபர்:
அக்கா, கோவம் விளங்குது. ஆனா சட்டம் அந்தக் கள்ள ஐடிக்காரனைத்தான் பிடிக்குமெண்டு நம்புறியளோ? 2007 இல வந்த ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தில (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றின சட்டம்) ஒரு பிரிவு வெறுப்புப் பேச்சைத் தடுக்கத்தான். அதில 2019 ஏப்ரலில உள்ள போனது ஆர்? பேஸ்புக்கில ஒரு சிறுகதை போட்ட சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார. பிணை கிடைக்க நாலு மாசம். என்ர அனுபவம் சின்னது: 2006 மே 2, ஊடக சுதந்திர நாளுக்கு முதல்நாள், யாழ்ப்பாணத்தில உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள்ள பூந்து சுட்டு, ரெண்டு ஊழியர் செத்துப்போச்சினம். அந்த ரோட்டால போகேக்க இப்பவும் சைக்கிளை மிதிக்கிற வேகம் கூடும்.
சரி, இனியாவது இதைச் செய்யுங்கோ. ஸ்கிரீன்ஷொட் எடுக்கேக்க திகதியும் அந்த ஐடியின்ர இணைப்பும் தெரியவேணும். சொந்தக்காரரைக் கொண்டும் ரிப்போர்ட் அடிப்பியுங்கோ. கோவத்தில நீங்களே அதைப் பகிராதேங்கோ, இன்னும் நாலு பேர் பாப்பினம். முறைப்பாடு குடுத்தா இலக்கத்தை எழுதி வாங்குங்கோ. மகளிட்ட மட்டும் போனைப் பறிக்காதேங்கோ, தண்டனை அவவுக்கில்லை.

பரமேஸ்வராச் சந்தி:
அக்கா கேட்டது அறிவுரையே ஐயா? 😄 எங்கட பட்ச் வட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி ஒப்படை எழுதி நல்ல மாக்ஸ் எடுத்தவளும் நான்தான். ஒரு பொடியன் பிரதேசவாதமா ஒண்டு எழுத, அழிச்சன். அவன் "ஏன்?" எண்டு கேக்க, அதையும் அழிச்சன். பிறகு அட்மின் மட்டும் எழுதலாமெண்டு மாத்தினன். அடுத்தநாள் கன்ரீன்ல எல்லாருக்கும் முன்னால, "ஆணைக்குழு அக்கா, ரீ குடிக்க அனுமதி இருக்கோ?" முதல் செய்தியை அழிச்சது சரியெண்டு இப்பவும் சொல்லுவன். ரெண்டாவதைத்தான் நினைச்சா ஒருமாதிரி இருக்கு.

கொக்குவில்காரன்:
குழுவைத் திறந்தாச்சோ?

பரமேஸ்வராச் சந்தி:
இன்னும் இல்லை.

தட்டாதெரு அக்கா:
நிருபர் தம்பி, பொலிஸிலயும் அந்த ஸ்கிரீன்ஷொட்டைத்தான் கேட்டவை. என்னட்ட இல்லை. அந்த ஐடிக்கு இன்பொக்ஸில கெஞ்சி, அதை அழிப்பிச்சதே நான்தான்.