புதுப்பிப்பு: அந்த ஷேர் காலிப் எழுதியதுதானா?

உருது ஷேரை (இரண்டடிக் கவிதையை) பகிரும்போது கவிஞர் பெயரைச் சரிபார்த்துப் போடுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். எப்படிச் சரிபார்ப்பது என்று சிலர் கேட்டதால் இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு உருதுக் கவிஞர் காலிப் என்றால் சுலபம். அவருடைய உருது திவான், அதாவது கவிதைத் தொகுப்பு, சிறியது. முதல் பதிப்பு 1841இல் தில்லியில் வந்தது. மரபான திவானில் கஜல்கள் (ஷேர்களால் ஆன பாடல்கள்) அடியின் கடைசி எழுத்தின் அகரவரிசையில் இருக்கும். ஷேரின் இரண்டாம் அடி எந்த எழுத்தில் முடிகிறதோ, நேரே அந்தப் பகுதிக்குப் போய்விடலாம். அங்கே இல்லையென்றால் உடனே போலி என்று சொல்லிவிடாதீர்கள். இளமையில் எழுதிய பலவற்றை அவரே கழித்துவிட்டார். போபால் கையெழுத்துப் பிரதியிலிருந்து 1921இல் அச்சான தொகுப்பில் அவற்றைத் தேடுங்கள்.

கஜலின் கடைசி ஷேரான மக்தாவில் வரும் புனைபெயரை மட்டும் நம்புவதும் சரியில்லை. ‘சர்ஃபரோஷி கீ தமன்னா’ என்ற விடுதலைப் போராட்டக் கஜலை எழுதியவர் பிஸ்மில் அஜீமாபாதி. அதை முழங்கிய புரட்சியாளர் ராம் பிரசாதின் புனைபெயரும் பிஸ்மில். அதனால் இன்றும் ராம் பிரசாத் எழுதியதாகவே சுற்றுகிறது. எழுதியவருக்கு உரியதைக் கொடுப்பதால் ராம் பிரசாதின் தியாகம் குறைந்துவிடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

அப்புறம், தேடியும் கிடைக்காவிட்டால் ‘எழுதியவர் தெரியவில்லை’ என்றே போடுங்கள்.