புதுப்பிப்பு: தெர்மோகோல் ஓட்டு வீடுகளுக்குப் பெயின்ட், நிழல்

1741-இல் திருவிதாங்கூரும் டச்சுக்காரர்களும் மோதிய குளச்சல் போரைச் சின்னப் பொம்மைப் படைகளை வைத்து மேசையில் விளையாடுவதற்காகத் தெர்மோகோலில் செய்த ஓட்டு வீடுகள் ஸ்ப்ரே பெயின்ட் பட்டதும் உருகிக் குழி விழுந்துவிட்டன, என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது நாகர்கோவில் அண்ணன் சொன்ன வழிதான். கறுப்பு அக்ரிலிக்கில் ஃபெவிகால் கலந்து இரண்டு கை பூச்சு. ஸ்ப்ரேயே வேண்டாம், எல்லாம் பிரஷ்தான். அப்புறம் செங்காவி அடித்து, தண்ணீராகக் கரைத்த அடர்பழுப்பை ஓட்டு இடுக்குகளில் ஓடவிட்டேன். கடைசியில், துணியில் நன்றாகத் துடைத்த பிரஷ்ஷால் வெளிர் ஆரஞ்சை விளிம்புகளில் மட்டும் லேசாக உரசினேன். இப்போது ஒவ்வொரு ஓடும் தனித்தனியாகத் தெரிகிறது!

எதிர்பாராதது ஒன்று: சாரல் நாட்களில் அடிப்பூச்சு காய ஒரு நாள் முழுக்க ஆனது. பொறுக்காமல் அடுத்த கை அடித்த வீட்டில் பூச்சு உரிந்தே வந்துவிட்டது. அதை மட்டும் உப்புக்காற்றில் காரை பெயர்ந்த சுவராக மாற்றிவிட்டேன்.