முட்டை வெடித்தும் கரு தங்கவில்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை:
ஆறு மாதமாக மாத்திரை, ஊசி, ஸ்கேன். ஐந்தாவது மாதத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும், அது மனத்தைவிட்டு அகலவில்லை. வலப்பக்கச் சினைப்பையில் முட்டை இருக்கும் நீர்ப்பை 20 மி.மீ. வளர்ந்திருந்தது. அது வெடித்து முட்டை வெளியே வர ஊசி போட்ட இரண்டாம் நாள் காலை, ஸ்கேன் பார்த்த டாக்டர் அம்மா திரையை என் பக்கம் திருப்பினார். முன்பு கறுப்பு வட்டமாக இருந்த இடம் சுருங்கிக் கிடந்தது; பக்கத்தில் கொஞ்சம் நீர் கோத்திருந்தது. "நல்லபடியாக வெடித்துவிட்டது" என்றார். வயிற்றில் பூசிய பசையைக்கூடத் துடைக்காமல் எழுந்து ஓடி, வெளியே பெஞ்சில் இருந்த கணவரிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் கேசரி கிளறினேன். பதினைந்தாம் நாள் விலக்காகிவிட்டேன். "வெடித்ததே, பிறகு ஏன்?" என்று மருத்துவரிடம் கேட்டேன். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சீட்டு எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். வெடித்த பிறகு உள்ளே என்னதான் நடக்கிறது? காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை:
வெடித்து வெளியே வந்த முட்டை தானாகக் கருக்குழாய்க்குள் போய் விழாது, தங்கச்சி. குழாயின் நுனியில் விரல் விரலாக இருப்பவை அதை வாரியெடுக்க வேண்டும். அந்த ஸ்கேனில் இது தெரியாது. எனக்கு எட்டு மாதம் முட்டை வெடித்தது, ஒன்பதாம் மாதம்தான் குழாயைப் பார்த்தார்கள். மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தபோது அடிவயிற்றை முறுக்கிப் பிழிந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். நடுவில் கருப்பை சின்ன வெள்ளை முக்கோணம். அதன் இரண்டு முனையிலிருந்தும் நூல் போல் ஓட வேண்டிய கோடுகள் ஒரு பக்கமும் இல்லை. அந்தப் படத்தை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். காரணம் காசநோய். ஒருநாள்கூட இருமியதில்லை நான். கருப்பைச் சவ்வில் துளி எடுத்துச் சோதித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஆறு மாதம் மாத்திரை விழுங்கினேன். நோய் போயிற்று, குழாய் திறக்கவில்லை. முதல் மாதமே அந்த எக்ஸ்ரேயை எடுத்திருந்தால் எட்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

வேம்பு:
எனக்கு நடந்தது வேறு. முட்டை வெடிக்கப் போட்ட ஊசிக்கு ஒன்பதாம் நாள், பொறுக்க முடியாமல் வீட்டிலேயே சோதித்தேன். விடிகாலை நான்கரை மணி. இரண்டாவது கோடு மெலிதாக, ஆனால் நிச்சயமாக விழுந்திருந்தது. அம்மாவுக்கு அப்போதே போன் செய்தேன். அவர் அன்றைக்கே திருக்கருகாவூர் போய் நெய் மந்திரித்து வாங்கி வந்துவிட்டார். மூன்றாம் நாள் மறுபடி சோதித்தால் கோடு இல்லை. அந்த ஊசியில் இருப்பதே கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன்தானாம். பத்து, பதினான்கு நாள்வரை உடம்பில் தங்கிப் பொய்க்கோடு காட்டுமாம். ஊசி போட்ட செவிலியர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் "இல்லை" என்று சொன்ன அந்தப் போன்தான் இன்றுவரை என்னை அறுக்கிறது.

பொன்வண்டு:
நெல்லைச்சீமை அக்கா, குழாயைப் பார்க்கச் சொன்னீர்கள், சரி. ஆனால் இதுவரை எழுதிய மூவரில் ஒருவர்கூடக் கணவரைச் சோதித்ததாக எழுதவில்லையே? எங்கள் வீட்டிலும் இப்படித்தான் மூன்று வருடம் போயிற்று. எல்லா ஊசியும் என் மனைவிக்கு. "உனக்கு என்ன, விந்தணு எண்ணிக்கை நன்றாக இருக்கும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன். கடைசியில் சோதித்தபோது எண்ணிக்கை மி.லி.க்கு 4 கோடி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கீழ்வரம்பான 1.6 கோடியைவிட அதிகம்தான். ஆனால் நகரும் அணுக்கள் 42 விழுக்காடாவது இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு 18. விதைப்பையில் இரத்தக் குழாய்கள் சுருண்டு புடைத்திருந்தன. ரிப்போர்ட்டை மனைவிதான் முதலில் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். அவள் கையில் ஊசி ஏறிய இடமெல்லாம் பச்சை பச்சையாகக் கன்றியிருந்தது. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், சிகிச்சை எடுத்தாலும் பலன் தெரிய அத்தனை நாள் வேண்டும். நான் முதல் மாதமே போயிருந்தால்!

தாழம்பூ:
இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். விந்தணுவைக் குழாய் வழியாகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. செய்த நான்காம் நாள் தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. வீட்டில் ஆள் இல்லை, ஒரு குடம் தூக்கி இடுப்பில் வைத்து இரண்டு மாடி ஏறினேன். அந்த மாதம் தங்கவில்லை. "குடம் தூக்கித்தானே கலைத்தாய்" என்று அத்தை சொன்னார்கள். அதன்பின் ஒவ்வொரு முறையும் பதினான்கு நாள் படுத்தே கிடந்தேன். எல்லாரும் அப்படியே செய்யுங்கள், படி ஏறாதீர்கள்.

செம்பருத்தி:
தாழம்பூ, அந்தக் குடம் எதையும் கலைக்கவில்லை. நான்காம் நாள் கரு உண்டாகியிருந்தாலும் அது இன்னும் குழாயிலோ கருப்பையிலோ நகர்ந்துகொண்டுதான் இருக்கும். ஒட்டுவதே வெடித்த ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள். குடத்தின் பாரம் அங்கே எட்டாது. ஐ.யு.ஐ. முடிந்ததும் பத்து, பதினைந்து நிமிடம் படுத்தால் போதும், பதினான்கு நாள் கிடப்பதால் எந்தப் பயனும் இல்லை. "படி ஏறாதீர்கள்" என்று தயவுசெய்து மற்றவர்களுக்கும் சொல்லாதீர்கள்.

என் கதை சின்னது. முட்டை வளர்க்கும் மாத்திரையே, கரு ஒட்ட வேண்டிய என் கருப்பைச் சவ்வை மெலியவைத்தது. நான்கு மாதம் 5 மி.மீ.யைத் தாண்டவில்லை. மாத்திரையை மாற்றினார்கள், 8 வந்தது. அவ்வளவுதான்.

காவிரிக்கரை, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வெடித்த முட்டைக்கு ஆயுள் 12இலிருந்து 24 மணி நேரம். விந்தணு மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள் காத்திருக்கும். ஆகவே "வெடித்துவிட்டது" என்று ஸ்கேனில் கேட்ட பிறகு ஒன்றுசேர்ந்தால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும். முந்தைய இரண்டு நாளும்தான் முக்கியம். நீங்கள் எப்போது சேர்ந்தீர்கள் என்று யாராவது கேட்டார்களா? அடுத்து, உங்கள் வயது. 35க்கு மேல் முட்டையின் குரோமோசோம் பிழை கூடுகிறது. அப்படிப்பட்ட முட்டையும் அழகாக வளரும், அழகாக வெடிக்கும். கரு உண்டானாலும் சில நாளில் நின்றுவிடும். தைராய்டும், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனும் பார்த்தார்களா? ஒரு நோட்டில் முட்டையின் அளவு, சவ்வின் தடிமன், ஊசி போட்ட மணி, சேர்ந்த நாள் எல்லாம் எழுதி வையுங்கள். டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டால் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காதீர்கள், நோட்டைப் பிரித்து வைத்துக் கேளுங்கள். குறையே இல்லாத இளம் தம்பதிக்கும் ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நூற்றுக்கு இருபது, இருபத்தைந்துதான். ஐந்தாம் மாதம் தங்காததற்குக் காரணமே இல்லாமலும் இருக்கலாம்.

நெல்லைச்சீமை:
செம்பருத்தி, "காரணமே இல்லாமலும் இருக்கலாம்" என்று எனக்கும் எட்டு மாதம் சொன்னார்கள். குழாயைப் பார்க்கும்வரை அந்த வார்த்தையை ஏற்காதீர்கள்.

தாழம்பூ:
செம்பருத்தி அக்கா, நீங்கள் எழுதியதை நான்கு முறை படித்தேன். ஆறாம் நாள் என்பது உறுதிதானே? அத்தையிடம் காட்ட வேண்டும்.

செம்பருத்தி:
உறுதி. என் டாக்டரிடம் நானும் இரண்டு முறை கேட்டேன்.

காவிரிக்கரை:
ஒவ்வொரு முறையும் ஸ்கேனில் வெடித்தது தெரிந்த பிறகுதான் சேர்ந்தோம். அதுவரை காத்திருக்க வேண்டும் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். இதை இங்கே எழுதும்போது கை நடுங்குகிறது. கணவரிடம் பொன்வண்டு அண்ணா எழுதியதை வாசித்துக் காட்டினேன், திங்கட்கிழமை பரிசோதனைக்கு வருகிறேன் என்றார். எனக்கு அடுத்த விலக்கு முடிந்ததும் குழாய் எக்ஸ்ரே. நெல்லைச்சீமை அக்கா, வலிக்கு முன்னாலேயே மாத்திரை கொடுத்தார்களா?

நெல்லைச்சீமை:
கொடுக்கவில்லை, நீ கேட்டு வாங்கிக்கொள். அரை மணி முன்னால் போட வேண்டும். துணைக்கு ஆள் இல்லாமல் போகாதே.