பெயர் வெளியே தெரியாமல் புகார் கொடுக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் ஊர் நகராட்சி ஆட்டுத்தொட்டியில் என் மாமா பையன் ஒப்பந்தக் கூலியாக இருக்கிறான். 2001-ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகளின்படி சினை ஆட்டை அறுக்கக் கூடாது, ஒரு ஆட்டின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது. கால்நடை மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 உருப்படிக்கு மேல் பார்க்கக் கூடாது. இங்கே மருத்துவர் வருவதே அபூர்வம். பதிவேட்டை முன்கூட்டியே நிரப்பி, முத்திரையை மேஸ்திரி கையில் கொடுத்துவிடுகிறார்கள். போன வாரம் அறுத்த ஒரு ஆட்டின் வயிற்றில் ரோமம் முளைத்த குட்டி இருந்திருக்கிறது. அதைக் குப்பைக்கூடையில் போட்டு மேலே சாக்கை மூடியிருக்கிறார்கள். நானும் கறி சாப்பிடுகிறவன்தான், ஆனால் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அவனிடம் வீடியோ இருக்கிறது. எடுத்த இடத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், வேலை போய்விடும். முறைகேட்டை அம்பலப்படுத்துவோரைக் காக்க 2014-ல் நிறைவேற்றிய சட்டம் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் என் பெயரில் பதிவேட்டு நகலைக் கேட்டால், சந்தேகம் அவன் மேல் திரும்புமா? அப்புறம், மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்திடம் போவதா, மாநில விலங்குகள் நல வாரியத்துக்கு எழுதுவதா? இப்படிப் புகார் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள், வழக்கறிஞர்கள் யாராவது தயவுசெய்து இன்பாக்ஸில் வாருங்கள். வீடியோவை இப்போதைக்கு யாருக்கும் அனுப்ப மாட்டேன்.