சமையலறை ஜன்னலுக்குத் திரை தைக்க யோசனை வேண்டும்

வணக்கம். அம்மாவின் பழைய மிதி மெஷினில் நேர்த்தையல் மட்டும் போட வரும். அதை நம்பி சமையலறை ஜன்னலுக்குத் திரை தைக்க உட்கார்ந்திருக்கிறேன்.

ஜன்னல் 48 அங்குல அகலம். அடுப்பு பக்கத்திலேயே இருப்பதால் கீழ்ப்பாதிக்கு மட்டும், 24 அங்குல உயரத்தில் போதும். பாலியஸ்டர் நெருப்புப் பட்டால் உருகி ஒட்டும் என்பதால் கரூர் காட்டன் வாங்கினேன். அதுவும் பற்றிக்கொள்ளும்தான், அதனால் அடுப்புப் பக்கம் கிளிப் போட்டு ஒதுக்கிவிடுவேன். துணியை நனைத்துக் காயவைத்தாயிற்று. சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கட்டும்.

கொசுவம் விழ இரண்டு மடங்கு அகலம் என்று 48 அங்குலத்தில் இரண்டு துண்டு. உயரம் 24, மேலே கம்பி நுழைய 2, கீழே இரண்டு முறை மடிக்க 4, ஆக 30 அங்குலம். கம்பி முக்கால் அங்குலத் தடிமன். மேலே விட்ட 2 அங்குலத்தில் அரை அங்குலம் உள்ளே மடிந்துவிடும். மீதி ஒன்றரை அங்குலப் பை கம்பி நுழையப் போதுமா? துவைக்கக் கழற்றும்போது இறுக்குமா?

பக்கவாட்டில் துணியின் கரை அப்படியே இருக்கிறது. அதையும் மடித்துத் தைக்க வேண்டுமா?

பெரிய தலைவலி கீழ் மூலைதான். பக்கத்தையும் மடித்துப் பார்த்தால், கீழ் மடிப்பும் பக்க மடிப்பும் சேரும் இடத்தில் மெஷின் திணறுகிறது, அடியில் நூல் கொத்தாகச் சிக்குகிறது. 14 நம்பர் ஊசி போட்டிருக்கிறேன். அதைவிடத் தடித்த 16 மாற்றவா, மூலையில் உள்துணியைக் கொஞ்சம் வெட்டிவிடவா? தைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் திரையின் உள்பக்க மூலையைப் படம் எடுத்துப் போடுங்கள், முன்பக்கம் எல்லோரும் போடுகிறார்கள்!