அம்மாவின் சோடியம் 116

மூன்று நாளாக அம்மாவுக்குச் சோர்வும் குமட்டலும். நான்காம் நாள் காலையில் என்னைத் தம் தம்பி என்று நினைத்து, "எப்போது வந்தாய்?" என்று கேட்டார். மாமா இறந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. பக்கவாதம் என்று பயந்து ஓடினோம். தலை ஸ்கேனில் ஒன்றுமில்லை. ரத்தத்தில் சோடியம் 116. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

சமையலில் உப்பைக் குறைத்தேனே என்று மனம் நொந்தேன். மருத்துவர் மறுத்தார்: "உப்பு குறைந்தது என்பதைவிட, தண்ணீர் மிஞ்சிவிட்டது என்பதே பொருத்தம்." ரத்த அழுத்தத்துக்காகத் தயசைடு மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. சிறுநீரகத்துக்கு நல்லதென்று அம்மா நாள் முழுவதும் தண்ணீரும் குடித்துவந்தார். மிஞ்சிய நீரை வெளியேற்றச் சிறுநீரகம் சிறுநீரை நன்றாக நீர்க்கச் செய்தாக வேண்டும். அந்த மாத்திரை தடுத்தது அந்த வேலையைத்தான். உள்ளே தங்கிய நீரால் மூளைச் செல்கள் வீங்கத் தொடங்கிவிட்டன.

உடனே சோடியத்தை ஏற்றுங்கள் என்று கெஞ்சினேன். ஒரு நாளில் 8க்கு மேல் ஏற விடமாட்டோம், அவசரப்பட்டால் மூளைத்தண்டில் நரம்புகளின் உறையே சிதையலாம் என்றார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். 118, 121, 123. இரண்டாம் நாள் இரவு 126 ஆனபோது அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மறுமொழி:
எங்கள் அப்பாவுக்குச் சிறுநீரகச் சிக்கல் மூச்சில் தெரிந்தது. நீண்டகால நீரிழிவால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. சும்மா படுத்திருக்கும்போதும் ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கினார். நெஞ்சு எக்ஸ்ரேயில் குறையில்லை. ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 11தான், 22க்குக் கீழே போகக் கூடாதாம். அன்றாடம் உடலில் சேரும் அமிலத்தைச் சிறுநீரகம் பெரும்பாலும் அம்மோனியமாகச் சிறுநீரில் அனுப்புகிறது. சிறுநீரகத்தால் அது முடியாமல் போகவே, நுரையீரல் கரியமில வாயுவைக் கூடுதலாக வெளியேற்றி ஈடுகட்டப் பார்த்திருக்கிறது. நாங்கள் ஆஸ்துமா என்று நினைத்து ஒரு வாரத்தை வீணாக்கினோம். இப்போது சோடியம் பைகார்பனேட் மாத்திரை எடுக்கிறார். அதிலும் சோடியம் இருப்பதால் கால் வீக்கத்தைத் தினமும் அழுத்திப் பார்க்கிறேன்.

மறுமொழி:
சிறுநீரகம் தளர்ந்தவர்கள் "சோடியம் குறைந்த உப்பு" வாங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள், தயவுசெய்து. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்க்கிறார்கள், தளர்ந்த சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. என் கணவருக்குப் பொட்டாசியம் 6.7க்குப் போய், ஈசிஜியே மாறிவிட்டது. வலி, வீக்கம் எதுவும் முன்னதாகத் தெரியவில்லை.

மறுமொழி:
முதலில் எழுதியவன் நான். சகோதரி சொன்ன உப்பு எங்கள் வீட்டிலும் இருந்தது, எடுத்து வைத்துவிட்டேன். அம்மாவுக்கு மாத்திரையை மாற்றிவிட்டார்கள், குடிக்கும் தண்ணீருக்கும் அளவு சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.