புற்றணுக் குடிகொள்ளல்: ஒரு சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். உடற்பருமனையும் சூலகப் புற்றுநோயையும் பற்றிய கட்டுரையில் “பரவல்” என்னும் சொல்லையே எல்லா இடத்திலும் ஆள நேர்கிறது என்று எழுதியிருந்த நண்பருக்கு இது மறுமொழி. “கொரோனா பரவல்”, “டெங்கு பரவல்” என்று நாளும் கேட்டுப் பழகிய வாசகர், “சூலகப் புற்றுநோய்ப் பரவலில் உடற்பருமனின் பங்கு” என்ற தலைப்பைக் கண்டால், பெண்களிடையே இந்நோய் பெருகிவருவதைப் பற்றிய கட்டுரை என்றே கொள்வார். ஒருவர் உடலுக்குள்ளேயே நோய் இடம்விட்டு இடம் செல்வதைத்தான் சொல்கிறோம் என்பது அதில் விளங்காது.

புற்றுநோய் இவ்வாறு உடலின் வேறிடங்களுக்குச் செல்வதற்கு (metastasis) விக்கிப்பீடியர்கள் ஆளும் “மாற்றிடம் புகல்” இக்குழப்பத்தைத் தவிர்க்கிறது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது நிகழ்வு முழுமைக்குமான பெயர். உடற்பருமன் குறுக்கிடுவதாக ஆய்வுகள் காட்டும் கட்டம் அதற்குள் அடங்கிய ஒரு பகுதியாகும். நமக்குச் சொல் இல்லாதது அப்பகுதிக்குத்தான்.

சூலகப் புற்று பெரும்பாலும் குருதி வழியே தொலைவுக்குச் செல்வதில்லை. கட்டியிலிருந்து உதிரும் புற்றுநோய் உயிரணுக்கள் (புற்றணுக்கள்) வயிற்றறை நீர்மத்தில் மிதந்து, இரைப்பையிலிருந்து குடல்களின் மேல் முன்றானைபோல் தொங்கும் ஓமெண்டம் என்ற கொழுப்புத் திரையை அடைகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் எர்ன்ஸ்ட் லெங்கியல் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்குள்ள கொழுப்பணுக்கள் சுரக்கும் இண்டர்லூக்கின்-8 போன்ற, உயிரணுக்களிடையே செய்தி கடத்தும் புரதங்கள் புற்றணுக்களை ஈர்ப்பதோடு, கொழுப்பணுக்களில் சேமித்திருக்கும் கொழுப்பு புற்றணுக்களுக்குக் கைமாறி எரிபொருளாகவும் ஆகிறது. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் ஷாரன் ஸ்டாக் குழுவினர் 2015இல், கொழுப்பு மிகுந்த உணவால் பருத்த எலிகளின் வயிற்றறையில் கட்டிகள் கூடுதலாகப் பற்றிக்கொள்வதையும், அக்கட்டிகளில் குருதிக்குழாய்கள் மிகுந்தும் புற்றை எதிர்க்கும் வகைப் பெருவிழுங்கிகள் (macrophages என்ற நோயெதிர்ப்பு உயிரணுக்கள்) குறைந்தும் இருப்பதையும் கண்டனர். எலிகளிடம் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட இயலாது. கட்டுரையாளர் அதை ஒரு வரியிலாவது சொல்லிவிடுவது நல்லது.

ஆக, இங்கே பேச்செல்லாம் வந்து சேர்ந்த புற்றணு அங்கே தங்கி, உண்டு, பெருகுவதைப் பற்றியது. வந்து சேர்பவற்றுள் மிகப்பல அழிந்துபோகின்றன, நிலைப்பவை சிலவே. 1889இலேயே ஸ்டீஃபன் பேஜட் என்ற ஆங்கிலேய மருத்துவர், விதை எங்கும் விழுந்தாலும் இசைந்த நிலத்தில்தான் முளைக்கும் என்று இதை விளக்கினார். இக்கட்டத்தைப் “புற்றணுக் குடிகொள்ளல்” எனலாம் என்பது என் முன்மொழிவு.

இக்கட்டத்துக்கென முந்தைய மடலொன்றில் வந்த “குடியேற்றம்” எனக்கு உவப்பாயில்லை. அச்சொல் புறப்பாட்டையும் பயணத்தையும் சேர்த்தே நினைவூட்டுவதால், மாற்றிடம் புகலுக்கும் இதற்கும் நாம் தேடும் வேறுபாடு மறுபடி மங்கிவிடும். “குடிகொள்” என்பது வந்து நிலைத்துவிட்டதையே குறிக்கிறது. “நோய் குடிகொண்ட உடல்” என்பது ஏற்கெனவே பேச்சில் உள்ள தொடர். கோயிலில் தெய்வம் குடிகொள்வதாகச் சொல்வோமே, அந்தச் சாயல் ஒட்டாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். அறிவியல் உரைநடையில் “புற்றணு” என்ற அடையோடு வரும்போது அது தலைகாட்டும் என்று நான் கருதவில்லை.

வினைவடிவம் இடறாமல் வருவதும் இதற்கொரு தகுதி: “ஓமெண்டத்தில் குடிகொண்ட புற்றணுக்கள்”, “உடற்பருமன் குடிகொள்ளலை எளிதாக்குகிறது”, “குடிகொள்ளலைத் தடுக்கும் மருந்து”. “குடிகொள்ளிடம்” என்று இடப்பெயரும் ஆக்கலாம். அது சற்றுக் கரடாக ஒலிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், மாற்று இருந்தால் தெரிவியுங்கள். உயிரணுவைக் “கலம்” என்று வழங்கும் இலங்கை நண்பர்கள் “புற்றுக்கலம் குடிகொள்ளல்” என்று எழுதினாலும் சொல்லின் பிற்பகுதி மாறவேண்டியதில்லை.

அன்புடன்.